பாடும் முற்றமும் பேசும் சுவர்களும்

1895 ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு மாலைப்பொழுது. பாஸ்டன் நகரின் காப்லி சதுக்கத்தில் புத்தம் புதிதாய் எழுந்து நின்ற நூலக மாளிகையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சார்லஸ் ஃபாலன் மெக்கிமும் அவருடைய கூட்டாளிகளும், சுவர்களுக்குச் சித்திரம் தீட்டிய ஜான் சிங்கர் சார்ஜென்ட், எட்வின் ஆஸ்டின் ஆபி என்ற இருவரையும் கௌரவிக்க விருந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 200 பேர் வந்திருந்தார்கள். வாத்தியக் குழுவின் இசை பளிங்குச் சுவர்களில் பட்டுத் திரும்பியது. அப்போதுதான் சுவரேறிய ஓவியங்கள் பொன்னும் செம்மையுமாய் ஒளிர்ந்தன. எவ்வளவு மங்களமான தொடக்கம்! ஒரு பொது நூலகம் தன் புதுமனை விழாவையே இசையோடும் ஓவியத்தோடும் கொண்டாடியிருக்கிறது.

நூலகத்தின் ஆண்டு விழா என்றால் ஒரு கச்சேரியும் ஓர் ஓவியக் கண்காட்சியும் வைப்பது இன்று பல இடங்களில் உள்ள வழக்கம். அழகான வழக்கம். பாஸ்டன் நூலகத்தில் அந்த இரு கலைகளும் விழா முடிந்ததும் ஊர் திரும்பவில்லை, அங்கேயே குடியேறிவிட்டன. 1995-இல் அந்தக் கட்டடத்துக்கு நூறு வயது நிரம்பியது, 2020-இல் நூற்றிருபத்தைந்து. இத்தனை பிறந்தநாள் கண்ட பிறகும் அதன் கல்லும் வண்ணமும் நாதமும் நின்று பார்ப்பவரை நிறுத்திவைக்கின்றன. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாய், அருகே போய்ப் பார்ப்போம்.

முதலில் வாசல். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மில்ஃபோர்டு கருங்கல்லால் ஆன முகப்பு. பாரிஸில் உள்ள செயின்ட் ஜெனிவியேவ் நூலகத்தின் கம்பீரத்தை உள்வாங்கி, நீண்ட வில்வளைவுச் சாளரங்களைச் சீராக அடுக்கியிருக்கிறார் மெக்கிம். சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் டிரினிட்டி தேவாலயம் கோபுரமும் கூம்புமாக வானைத் தொட எழுகிறது; அதோடு போட்டியிடாமல், கிடைமட்டமாக, அமைதியாக, அகலமாக அமர்ந்திருக்கிறது நூலகம். அந்த அடக்கத்தில்தான் எத்தனை பெருமிதம்! மேலே கூரையடியில் ஓடும் எழுத்துவரிசை, இது மக்களால் கட்டப்பட்டது, கல்வியின் உயர்வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்று அறிவிக்கிறது. நடுவாசலின் உச்சியில் இன்னும் சுருக்கமாக ஒரு வாசகம்: அனைவருக்கும் இலவசம். வளைவின் உச்சிக்கல்லில் மினர்வா தேவியின் முகம். அறிவுத் தெய்வம் வாயிலில் இருந்துகொண்டு யாரையும் யாரென்று கேட்காமல் உள்ளே விடுகிறது.

அந்த வாசகத்தை நெஞ்சார நம்பிய சிறுமி ஒருத்தி இருந்தாள். ரஷ்யப் பேரரசின் போலோட்ஸ்க் ஊரிலிருந்து 1894-இல் குடும்பத்தோடு பாஸ்டனுக்கு வந்த மேரி ஆன்டின். ஏழை யூதக் குடும்பம். நெரிசலான தெருவில் இருண்ட வீடு. பிற்காலத்தில் அவர் எழுதிய 'தி ப்ராமிஸ்ட் லேண்ட்' என்ற தன்வரலாறு 1912-இல் வெளிவந்தது. அதில் இந்த நூலகத்தைத் தன் அரண்மனை என்றே உரிமை கொண்டாடுகிறார். படிகளில் மெல்ல மெல்ல ஏறுவதையும், செதுக்கிய எழுத்துகளை மீண்டும் மீண்டும் படிப்பதையும், முன்மண்டபத் தூணருகே நின்று வருவோர் போவோரைப் பார்ப்பதையும் அவர் விவரிக்கும் பக்கங்கள் தித்திப்பானவை. கட்டடம் ஒன்று தன்னைச் சரியாக ரசிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணைப் பெற்றுவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

வாசலின் இருபுறமும் பெலா பிராட் வார்த்த இரண்டு வெண்கலப் பெண்ணுருவங்கள் அமர்ந்திருக்கின்றன. ஒருத்தி கலை, மற்றவள் அறிவியல். 1912-இல் இங்கே வந்து அமர்ந்தவர்கள், இத்தனை பனிக்காலத்தையும் தாங்கி, பச்சை படர்ந்து, இன்னும் எழில் குறையாமல் இருக்கிறார்கள். கலையின் கையில் வண்ணத் தட்டும் தூரிகையும். அறிவியலின் கையில் கோளம். இருவரில் யாரும் மற்றவரை விட உயரத்தில் வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே காலடி வைத்ததும் வெண்கலக் கதவுகள். வாஷிங்டனில் லிங்கன் அமர்ந்திருக்கும் பெருஞ்சிலையைப் பின்னாளில் உருவாக்கிய டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் செய்தவை இவை, 1904-இல் பொருத்தப்பட்டன. மூன்று வாயில், ஆறு கதவு, ஆறு பெண்கள்: இசை, கவிதை, அறிவு, ஞானம், உண்மை, கற்பனைக் காதல். புடைப்பு மிக மெல்லியது. உலோகப் பரப்பிலிருந்து உடல்கள் முழுதாக வெளியே வரவில்லை. ஆடையின் மடிப்புகள் மட்டும் மூச்சு விடுவது போல் மேலெழுந்து மறுபடி அடங்குகின்றன. ஒவ்வொன்றும் பல நூறு கிலோ கனமுள்ள கதவு. பார்க்கும்போது ஒரு பட்டுத்திரையின் கனம்கூடத் தெரிவதில்லை. அவசரமாகப் புத்தகம் திருப்பித் தர வருகிறவர்கள் இவற்றைக் கவனிக்காமலேயே உள்ளே போய்விடுவார்கள். நாம் கொஞ்சம் நிற்போம். இசைக்கென்று தனியாக ஒரு கதவு வைத்திருக்கும் நூலகம் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

முன்மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். வளைந்த விதானம் முழுவதும் சின்னஞ்சிறு கல்துண்டுகளால் இழைத்த சித்திர வேலை. கொடிகளுக்கும் இலைகளுக்கும் இடையே எமர்சன் முதலான பாஸ்டன் பெருமக்களின் பெயர்கள். பதித்தவர்கள் அந்நகரின் வடமுனையில் குடியேறி வாழ்ந்த இத்தாலியக் கைவினைஞர்கள். வந்தேறிய ஊரின் அறிஞர் பெயர்களைத் தங்கள் பூர்வீகக் கைத்திறத்தால் கூரையில் எழுதி வைத்தார்கள். துண்டுகளின் அளவில் சிறு வேறுபாடு, நிறத்தில் சிறு ஏற்றத்தாழ்வு. அதனால்தான் அந்த விதானம் தட்டையாக இல்லாமல் மினுங்குகிறது. தரையிலோ, பளிங்கில் பதித்த பித்தளை ராசிச் சின்னங்கள். தலைக்கு மேலே மனிதர் பெயர். காலுக்குக் கீழே விண்மீன் மண்டலம்.

இந்தக் கூரைகளைத் தாங்கும் வித்தையையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்த ரஃபேல் குவாஸ்தாவினோ 1881-இல் அமெரிக்காவுக்கு வந்தவர். மெல்லிய தட்டோடுகளை விரைந்து இறுகும் சாந்தில் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் இழைத்து, இரும்புத் தூலம் இல்லாமலே வளைவு எழுப்பும் பழைய மத்தியதரைக் கடல் முறையை அவர் கொண்டுவந்தார். ஓட்டின் மேல் அடுத்த ஓடு இணைப்புகளை மூடும்படி அமர்வதால், காய்ந்ததும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே மேல்தளமாகிவிடும். இந்த நூலகம்தான் அவருக்குக் கிடைத்த முதல் பெரும் பொதுப்பணி. பூச்சு பூசி மறைக்காமல், பல இடங்களில் ஓட்டு வேலையை அப்படியே கண்ணுக்குத் தெரிய விட்டிருக்கிறார். ஓரிடத்தில் மீன்முள் வரிசை, இன்னோரிடத்தில் கட்டம், வேறோரிடத்தில் குவிமாடம். பின்னாளில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலும், குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு மண்டபத்திலும் இவருடைய நிறுவனத்தின் வளைவுகளே எழுந்தன. அந்தக் கைகளின் இளமைக்கால ஆனந்தத்தை இங்கே பார்க்கலாம்.

இனிப் படிக்கட்டு. இதற்காகவே பலமுறை போகலாம். படிகள் பிரான்சின் எஷயோன் பளிங்கு. தந்தமும் சாம்பலும் கலந்த நிறம். குனிந்து பார்த்தால் கல்லுக்குள் சிப்பிகளின் தொல்லுருவங்கள் புள்ளியும் பிறையுமாய் உறைந்திருக்கும். இருபுறச் சுவர்களும் இத்தாலியின் சியென்னா பளிங்கு. அந்த மஞ்சளை என்னவென்று சொல்ல! சந்தனக் குழம்பில் குங்குமம் கரைந்து ஓடியது போல் ஒவ்வொரு பலகையிலும் ரேகைகள் வெவ்வேறாய் ஓடுகின்றன. பெரிய சாளரத்தின் வழியே காலை ஒளி இறங்கும் நேரத்தில் சுவர் வெளிச்சத்தைத் தன்னுள் ஊறவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே விடுகிறது. ஏறுகிறவர்களின் முகங்களிலும் அந்தப் பொன்மஞ்சள் படிகிறது. நீல ஜீன்ஸும் முதுகுப்பையுமாக ஏறும் மாணவிகூட ஏழெட்டுப் படிகளுக்கு ஓர் ஓவியத்துக்குள் நடக்கிறவளாகிவிடுகிறாள்.

படிக்கட்டு இரண்டாகப் பிரியும் இடத்தில், உயர்ந்த பீடங்களில், இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கின்றன. லூயி செயின்ட்-கோடன்ஸ் செதுக்கியவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற மாசசூசெட்ஸின் 2-ஆவது, 20-ஆவது காலாட்படைப் பிரிவுகளின் நினைவாக, அந்தப் படைகளில் இருந்து உயிரோடு மீண்டவர்கள் தந்த காணிக்கை. பீடங்களில் அவர்கள் போரிட்ட களங்களின் பெயர்கள். சுற்றிலும் உள்ள பளிங்கெல்லாம் கண்ணாடியாய் மெருகேறி நிற்க, சிங்கங்கள் மட்டும் மெருகில்லாமல் கரடாக இருக்கின்றன. மெருகிடத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். சொரசொரப்பான அந்த நிலையிலேயே வீரர்களுக்குப் பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார்கள். சரியான முடிவு. களம் கண்டவர்களுக்கு எது உகந்தது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஆனால் அந்த வால்களைப் பாருங்கள்! பீடத்தின் விளிம்பில் கைக்கெட்டும் தூரத்தில் சுருண்டு கிடக்கும் வால்கள் மட்டும் வழவழவென்று பளபளக்கின்றன. தொட்டால் நல்லது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நூறாண்டுக்கும் மேலாக வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் தடவித் தடவி ஏற்றிய மெருகு அது. பரீட்சைக்குப் படிக்க வந்தவர்கள், வேலை தேடி விண்ணப்பம் எழுத வந்தவர்கள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து எட்டிப் பிடித்த குழந்தைகள். சிற்பி விட்டுவைத்த வேலையை ஊர் கூடி, உள்ளங்கையாலேயே, ஒரு முழத்துக்குச் செய்து முடித்திருக்கிறது. இந்த நூலகத்தின் உரிமைப்பத்திரம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் அந்த வாலைத்தான் காட்டுவேன்.

சிங்கங்களைத் தாண்டி ஏறினால் பியூவி த ஷவானின் உலகம். பிரெஞ்சு நாட்டுச் சுவரோவியர்களில் மூத்தவர்; இந்தப் பணியின்போது எழுபது வயதைத் தொட்டுவிட்டார். பிரான்சுக்கு வெளியே அவர் செய்த சுவரோவியம் இது ஒன்றுதான். அவர் பாஸ்டனுக்கு ஒருமுறைகூட வரவில்லை. கித்தானில் தீட்டிச் சுருட்டி, அட்லாண்டிக் கடலைக் கடந்து அனுப்பி, சுவரில் ஒட்டவைத்தார்கள். அப்படியானால் அந்த மஞ்சள் பளிங்கோடு வண்ணங்கள் எப்படி இவ்வளவு இசைந்தன? படிக்கட்டின் பளிங்கு மாதிரிகளை அவருடைய சித்திரக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் குழைத்திருக்கிறார் அந்தக் கிழவர். கடலுக்கு அப்பால் இருக்கும், தான் காணப் போகாத ஒரு சுவரோடு சுருதி சேர்த்திருக்கிறார். சுண்ணாம்பு படிந்தது போன்ற மங்கல் நீலம், தணிந்த பச்சை, ஊதா சாயும் வெண்மை. எந்த நிறமும் பளிங்கைவிடச் சத்தமாகப் பேசவில்லை. பக்கவாத்தியக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

மேல்தளத்து நீண்ட சுவர் முழுவதும் கலைத்தேவியர் ஒன்பது பேர் வெண்ணிற ஆடையில் மிதந்து எழுகிறார்கள். நடுவே ஒளியைக் கொண்டுவரும் சிறகுள்ள இளைஞன். அவர்கள் பறக்கவில்லை, புல்வெளியிலிருந்து மேலே மிதக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூரிகையால் காட்டுவது சாதாரண காரியமல்ல. ஆடையின் நுனிகள் காற்றில் அலைபாயாமல் செங்குத்தாய்த் தொங்குகின்றன. பாதங்கள் இறகு விழுவது போல் தளர்ந்திருக்கின்றன. பின்னால் மெல்லிய மரங்கள், அதற்கும் பின்னால் கடல். சுவரின் நடுவே ஒரு கதவு வெட்டிக்கொண்டு வருகிறது. அதை ஓவியர் இடைஞ்சலாக எண்ணவில்லை. கதவின் இருபுறமும் உருவங்களை ஏற்றி இறக்கி, அந்த இடைவெளியையே தாளத்தின் ஓர் அடியாக்கிக்கொண்டார்.

சுற்றுச் சுவர்களில் எட்டுச் சிறிய ஓவியங்கள்: வானியல், வேதியியல், தத்துவம், வரலாறு, நாடகம், காவியம் என்று. இவற்றில் என் மனம் போய் ஒட்டிக்கொள்வது இயற்பியலில். தந்திக்கம்பி ஒன்று வானத்தின் குறுக்கே ஓடுகிறது. கம்பியை விரலால் தீண்டியபடி இரண்டு பெண்கள் மிதந்து வருகிறார்கள். ஒருத்தி வெளிர் ஆடையில், முகம் மலர, அவள் நற்செய்தி. இன்னொருத்தி கருநிற ஆடையில், முகத்தை மறைத்துக்கொண்டு. அவள் துயரச் செய்தி. ஒரே கம்பி. தந்தி வந்தாலே வீட்டில் அழுகுரல் கிளம்பிய காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் படத்தின் முன்னால் ஒரு கணம் தொண்டை அடைக்கும். மின்சாரத்தைக் கம்பத்தோடும் கருவியோடும் காட்டியிருக்கலாம். பியூவி அதை இரண்டு சகோதரிகளாக்கினார். கறுப்புடையாளின் முகம் நமக்குத் தெரியவில்லை. அந்த மறைப்பில் அவர் செய்தி வாங்குகிறவரின் மேல் காட்டிய கருணை இருக்கிறது.

கலைத்தேவியரின் சுவரில் உள்ள கதவைத் திறந்தால் பேட்ஸ் ஹால். 218 அடி நீளம், 50 அடி உயரம். இரு முனைகளிலும் அரைக்குவிமாடம். மேலே கட்டம் கட்டமாய்ச் செதுக்கிய உருளை விதானம். ஓக் மேசைகளில் பச்சைக் குடை விளக்குகள் வரிசைகட்டி நிற்கின்றன. கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தாழ்வாக விளக்கு. அதனால் ஒரே நேரத்தில் பெருவெளியிலும் தனக்கே உரிய சிறு வட்டத்திலும் இருக்கும் சுகம் வாசகருக்கு. இந்தக் கூடத்துக்குப் பெயர் தந்த ஜோஷுவா பேட்ஸின் கதையைத் தெரிந்துகொண்டு இங்கே உட்கார்ந்தால் சுகம் இரட்டிப்பாகும். 1848-இல் சட்டம் பிறந்து, 1854-இல் மேசன் தெருப் பள்ளிக்கூட அறைகளில் தொடங்கிய எளிய நூலகம் இது. இடையே 1852-இல் லண்டன் வங்கியாளரான பேட்ஸ் 50,000 டாலர் தந்தார். கட்டடம் நகருக்கு அணியாக இருக்க வேண்டும், நூறு நூற்றைம்பது பேர் மேசையில் அமர்ந்து படிக்க இடம் வேண்டும், எல்லாம் முற்றிலும் இலவசமாக இருக்க வேண்டும் என்பவை அவர் விரும்பியவை. இளம்வயதில் பாஸ்டனில் அவருக்கு அறையில் கணப்பு மூட்டவும் காசில்லை, புத்தகம் வாங்கவும் காசில்லை. ஒரு புத்தகக் கடைக்காரர் அனுமதித்ததால் மாலைகளில் அங்கேயே உட்கார்ந்து படித்தார். கடைக்காரர் தந்த நாற்காலி ஒன்று 218 அடிக்கு வளர்ந்த கதை இது. குளிரில் வந்தவனுக்கு வெப்பம் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை; அழகும் வேண்டும் என்றார். அவரை நான் வணங்குவது அதற்காகத்தான்.

அடுத்து ஆபியின் அறை. முன்பு புத்தகம் வழங்கும் கூடம் இது. வாசகர் சீட்டெழுதிக் கொடுப்பார். அது காற்றழுத்தக் குழாயில் பாய்ந்து அடுக்குகளுக்குப் போகும். சிறு தண்டவாளத்தில் ஓடும் பெட்டியில் புத்தகம் திரும்பி வரும். வரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவரின் கண்ணுக்கு விருந்தாக, சுவரைச் சுற்றி 15 பகுதிகளாக, கலகாட் என்னும் இளவீரன் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகும் கதை. தேடுகிறவர்கள் உட்காரும் அறையில் தேடலின் காவியம்! இந்தப் பொருத்தத்தை யார் முதலில் எண்ணினாரோ, அவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

ஆபி அமெரிக்கர், இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பெருங்கூடம் அமைத்து ஆண்டுக்கணக்கில் இதைத் தீட்டினார். கூட்டம் கூட்டமாய் வீரர்கள், துறவிகள், கன்னியர், வானவர். இத்தனை பேருக்கு நடுவே கதாநாயகனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுக்கு எப்போதும் சிவப்பு. கைக்குழந்தையாய் இருக்கும் முதல் காட்சியைத் தாண்டி அவன் வளர்ந்ததும், அந்தச் செம்மை அறையைச் சுற்றி நம்மை அழைத்துச் செல்கிறது. ஒரு காட்சியில் நெருப்புத் துண்டாய். இன்னொன்றில் மூடுபனிக்குள் மங்கி. வேறொன்றில் வெள்ளை ஆடைகளின் நடுவே ஒரே ஒரு சொட்டாய். சுற்றிலும் கருமை பாய்ந்த ஓக் பலகை, உத்தரம் போட்ட கூரை. அறை வேண்டுமென்றே மங்கலாக இருக்கிறது. கண் பழகப் பழக ஒளிவட்டங்களில் ஏற்றிய பொன் மெல்ல விழிக்கிறது. ஐந்து நிமிடத்தில் வெளியேறுகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஒரு நாற்காலியைத் தேடி உட்காருங்கள்.

மூன்றாம் தளத்தில் சார்ஜென்டின் கூடம். 1890-இல் ஒப்புக்கொண்ட வேலையை 1919 வரை, இடையிடையே ஏற்றிக்கொண்டே இருந்தார். சீமான் சீமாட்டிகளின் உருவப்படங்களால் புகழும் பொருளும் குவித்தவர், தன் மிகப் பெரிய லட்சியத்தை இந்தப் பொதுக்கூடத்தின் சுவருக்கே அளித்தார். சமயங்களின் வரலாறு அவர் எடுத்துக்கொண்ட பொருள். அஸ்தார்த்தே தேவியின் நீலத் திரையாடை, வான் முழுதும் வளைந்து கிடக்கும் எகிப்தின் நீத் தேவி, கற்பலகைகளை ஏந்திச் சுவரிலிருந்து புடைத்து நிற்கும் மோசே, அவரைச் சூழ்ந்த தீர்க்கதரிசிகள். வண்ணம் போதாதென்று சாந்தில் புடைப்பு, பொற்தகடு, கண்ணாடி மணிகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார். தீர்க்கதரிசிகளில் வெள்ளை முக்காட்டோடு நிற்கும் ஓசேயாவின் இளமுகத்தைத் தவறவிடாதீர்கள். நடுவில் ஒரு சுவர்ப்பகுதி மட்டும் வெறுமையாக இருக்கும். அங்கே மலைப்பிரசங்கக் காட்சியைத் தீட்ட எண்ணியிருந்தார், 1925-இல் காலமாகிவிட்டார். மற்ற சுவரும் கூரையும் பொன்னால் நெருங்கிக் கிடக்க, அந்த வெற்றிடத்தில் கண் சற்று இளைப்பாறுகிறது.

ஓவியத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். இசைக்கு வருவோம். ஆலன் ஏ. பிரவுன் என்ற பாஸ்டன்காரர் 1894-இல் தன் இசைநூல் சேகரத்தை இந்த நூலகத்துக்கு அளித்தார். ஏறத்தாழ 7,000 தொகுதிகள். இசைச்சுவடிகளை வாங்கி அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. கச்சேரிகளுக்குப் போவார், அந்த இசைக்கோவை அரங்கேறியபோது தந்த நிகழ்ச்சித் தாளையும், மறுநாள் பத்திரிகையில் வந்த விமர்சனத்தையும் கத்தரித்து, அந்தந்தச் சுவடியிலேயே ஒட்டிவைப்பார். இன்று ஒரு தொகுதியைப் புரட்டினால் ஸ்வரக் குறிகளுக்குப் பக்கத்தில், பழுப்பேறிய சிறு தாளில், ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. யார் வாசித்தார்கள், எது நன்றாக இருந்தது, எது சோபிக்கவில்லை என்று. ஒலிப்பதிவு பரவாத காலத்தில் ரசிகர் ஒருவர் பசையும் கத்தரிக்கோலும் கொண்டு கேட்ட இசையைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார். ரசனைக்கு இப்படி ஒரு நுணுக்கமான விசுவாசம்!

காகிதத்தில் உறங்கும் இசை விழித்து எழும் இடம் நடுமுற்றம். ரோம் நகரின் கான்செல்லேரியா மாளிகையைப் பின்பற்றி, மூன்று புறமும் வளைவுத் தாழ்வாரம் ஓட, நடுவில் நீர்த்தொட்டியும் ஊற்றும். ஊற்றின் நடுவே ஒற்றைக்காலில் ஆடும் ஒரு வெண்கலப் பெண்: ஃபிரெடரிக் மெக்மோனிஸ் வார்த்த மதுக்களி நங்கை. மறைந்த தன் மனைவியின் நினைவாக மெக்கிம் இதை நூலகத்துக்கு அளித்தார். ஆடையில்லாமல், குடித்துக் களித்து, கையில் குழந்தையோடு ஆடுகிறாளே என்று 1890-களின் பாஸ்டன் கொதித்தது. மெக்கிம் மனம் நொந்து திரும்பப் பெற்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது முற்றத்தில் அவளுடைய பிரதி நிற்கிறது. அருகே போய்ப் பாருங்கள். வலக்கையில் திராட்சைக் கொத்தை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இடக்கையின் வளைவில் குழந்தை. குழந்தையின் பார்வை முழுக்கத் திராட்சையில். அவள் பார்வை குழந்தையில். ஊன்றிய காலின் குதிகால் தரையில் படவில்லை. உடல் முழுவதும் ஒரு சுழற்சியின் நடுவில் இருக்கிறது. அடுத்த கணம் எடை மாறியே தீரும் என்று நம் கால்களே உணர்கின்றன. இதில் எங்கே குற்றம்? தாய்மை ஆடும் ஆட்டம் இது.

கோடைக்காலத்தில் இந்த முற்றத்தில் இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன. தாழ்வார நிழலில் நாற்காலிகள். சீட்டு வாங்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். நாலு கல்சுவர்களும் வில்வளைவுகளும் ஒலியை வாங்கி, கூர்மையைக் கொஞ்சம் தேய்த்து, ஈரத்தோடு திருப்பித் தருகின்றன. செல்லோவின் தாழ்ந்த தந்தி ஒலிக்கும்போது ஊற்றின் சலசலப்பு அதற்குச் சுருதிப்பெட்டி போலக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். விரைவான பகுதி வந்தால் நீரின் ஒலி காணாமல் போகும். வில் ஓய்ந்த இடத்தில் மறுபடி தலைகாட்டும். நான் போயிருந்த நாளில் கச்சேரிக்கென்று வந்தவர்கள் முன்வரிசையில். மதிய உணவுப் பொட்டலத்தோடு வந்த அலுவலகத்துக்காரர்கள் தூண்களை ஒட்டி. அவர்களுக்குப் பின்னால் தடித்த புத்தகத்தோடு ஒருவர்; இசை தொடங்கியதும் அவர் புத்தகத்தை மூடவுமில்லை, பக்கத்தைப் புரட்டவுமில்லை. எனக்கு அவர்தான் அன்றைய சபையின் மிகச் சிறந்த ரசிகராகப் பட்டார். சின்னப் பெண் ஒருத்தி வெண்கல நங்கையைப் பார்த்துத் தானும் ஒற்றைக்காலில் நின்று, கையைத் தூக்கி, தள்ளாடி, சிரித்துக்கொண்டிருந்தாள். வாசித்தவர்களில் ஒருவர் அதைக் கண்டுவிட்டு, புன்னகையோடு தாளத்தைக் கொஞ்சம் விரைவுபடுத்தியதாகவே எனக்குத் தோன்றியது.

வெளியே சதுக்கத்தில், நூலகத்தைப் பார்த்தபடி, கவிஞர் கலீல் ஜிப்ரானுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு, 1977-இல் வைத்தது. லெபனானிலிருந்து ஜிப்ரானின் ஏழைக் குடும்பம் பாஸ்டனில் வந்து குடியேறியதும் இந்தக் கட்டடம் திறந்த அதே 1895-இல்தான். பாஸ்டன் பக்கம் போக வாய்ப்பவர்கள் ஒரு முழுப் பகலை இந்த மாளிகைக்கு ஒதுக்குங்கள். தன்னார்வலர்கள் இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்களோடு ஒரு சுற்று, பிறகு தனியாக ஒரு சுற்று. காலையில் படிக்கட்டு, வெயில் ஏறியதும் ஆபியின் அறை, கோடையானால் மதியம் முற்றம். சிங்கத்தின் வாலைத் தொட மறக்காதீர்கள்.